டிரிப்ஸ் சொட்டாது பாஸ்!

கருவேப்பிலங்குறிச்சி ரோட்டுல பைக் சறுக்கி கால் உடைஞ்சுதுன்னு வைங்க. 108 வரும், விருத்தாசலம் ஜி.எச்.சில் படுக்க வைத்து டிரிப்ஸ் ஏற்றுவார்கள். அதே அடி, 400 கிலோமீட்டர் உயரத்தில் விண்வெளி நிலையத்தில் பட்டால்?

முதல்ல, படுக்கவே முடியாது. ஆளைப் பலகையோடு பெல்ட் போட்டுக் கட்டணும். வைத்தியம் பார்ப்பவரும் தன்னைக் கட்டிக்கணும். இல்லேன்னா அழுத்தின வேகத்தில் அவரே பின்னால் மிதந்து போயிடுவார். ரத்தம் வழியாது, காயத்து மேலேயே ஜெல்லி மாதிரி குவியும். டிரிப்ஸ் சொட்டாது, பம்ப் வெச்சுத் தள்ளணும். நெஞ்சை அழுத்தணுமா? எதிர்ச் சுவரில் காலை ஊன்றி, தலைகீழா நின்னு அழுத்துறது ஒரு வழி!

2006-ல் பிரான்ஸ் டாக்டர்கள் விமானத்தை ஏற்றி இறக்கி, ஒவ்வொரு தடவையும் 20 விநாடி போலக் கிடைத்த எடையின்மையில், ஒருவர் கையிலிருந்த கட்டியை அகற்றினாங்க. சின்ன ஆபரேஷன்தான். தொடை எலும்பு முறிவுக்கு அது எந்த மூலைக்கு?

2026 ஜனவரியில் ஒருவருக்கு உடம்பு சரியில்லைன்னு நாலு பேருமே நிலையத்திலிருந்து முன்கூட்டியே பூமிக்கு வந்தாங்க. செவ்வாய்க்குப் போற வழியில் அப்படித் திரும்ப முடியாது. பக்கத்தில் மிதக்கிற பைலட்தான் அங்கே 108. பயோமெடிக்கல் பசங்களே, அந்த பம்ப்பைக் கொஞ்சம் சின்னதாக்கிக் கொடுங்களேன்!