‘பரம்பரை’ என்று சொல்லி முடித்துவிடாதீர்கள்

“அப்பன் குடிச்சே செத்தான், பையன் கையைக் கிழிச்சுக்கிறான். அது அவங்க பரம்பரை சார்.”

ஓசூர் சிப்காட்டை ஒட்டிய காலனிகளில் வேலை செய்யும் நாங்கள் இந்தப் பேச்சைக் கேட்காத மாதம் இல்லை. முன்பு ‘பிறவிப் புத்தி’ என்றார்கள். இப்போது படித்தவர்கள் ‘ஜீன்’ என்கிறார்கள். பரம்பரைத் தூய்மையைக் காட்டிச் சாதியை நியாயப்படுத்தியவர்களுக்கு ‘சாதி ஒழிப்பு’ நூலில் 1936-லேயே பாபாசாகேப் பதில் சொல்லிவிட்டார். நாம் இன்னும் அதே வாதத்தோடுதான் மல்லுக்கட்டுகிறோம்.

மரபணுவுக்குப் பங்கே இல்லை என்று நாங்கள் சொல்லவில்லை. மனச்சிதைவு, இருதுருவக் கோளாறு போன்றவற்றில் அதன் பங்கு பெரிது. அதை மறுத்து ‘மாத்திரை வேண்டாம்’ என்பவர்கள் நம் மக்களுக்குத்தான் கெடுதல் செய்கிறார்கள். ஆனால் மனச்சோர்வுக்கென்று தனி ஜீன் கிடையாது. வாழ்க்கை நெருக்கடியோடு ஒரு குறிப்பிட்ட மரபணு சேர்ந்தால் மனச்சோர்வு வரும் என்று 2003-இல் நியூசிலாந்து ஆய்வு ஒன்று சொன்னது. 2019-இல் லட்சக்கணக்கானோரின் தரவை வைத்துச் சோதித்தபோது அந்த ஒற்றை ஜீன் கதை நிற்கவில்லை. சிறுவயதுக் கொடுமையின் பாதிப்பு மட்டும் அதே சோதனையில் உறுதியாக நின்றது.

1998-இல் வெளியான அமெரிக்க ஆய்வும் இதைக் காட்டியது. சிறுவயதில் நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட வகைக் கொடுமைகளை அனுபவித்தவர்களுக்குக் குடி, மனச்சோர்வு, தற்கொலை முயற்சி ஆகியவற்றின் ஆபத்து 4 முதல் 12 மடங்கு அதிகம்.

ஆனால் அந்தக் கேள்வித்தாள் வீட்டு வாசலோடு நின்றுவிட்டது. வீட்டில் அடித்தார்களா, யாராவது குடித்தார்களா, சிறைக்குப் போனார்களா என்று கேட்டது. நம் பிள்ளைக்கு வாசலுக்கு வெளியிலும் அடி விழுகிறதே! 2022-இல் ஈரோடு மாவட்டப் பள்ளியொன்றில் தலித் மாணவர்களைக் கழிப்பறை கழுவ வைத்ததாகத் தலைமையாசிரியை கைதானார். 2023-இல் நாங்குநேரியில் சக மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். 2018-இல் நம் சூடகொண்டப்பள்ளியின் நந்தீஷும் சுவாதியும் சாதி மறுத்து மணந்ததற்காகக் கொல்லப்பட்டு, கர்நாடகத்தில் காவிரியில் பிணமாகக் கிடைத்தார்கள். அன்று ஏழு வயதில் அந்தச் செய்தியைக் கேட்ட காலனிப் பிள்ளை அதை எங்கே வைத்திருக்கிறது? எந்தக் கேள்வித்தாளில் அதற்கு இடம் இருக்கிறது?

இங்கிருந்து சுமார் 40 கிலோமீட்டரில் பெங்களூரு நிம்ஹான்ஸ். அது முன்னின்று நடத்தும் ‘சி-வேடா’ ஆய்வு, 6 முதல் 23 வயது வரையுள்ள ஆயிரக்கணக்கானோரிடம் மரபணுவையும் வளரும் சூழலையும் சேர்த்தே பார்க்கிறது. வரவேற்கிறோம். இத்தகைய எந்த ஆய்விலும் சாதியைப் படிவத்தில் நிரப்பும் ஒரு கட்டமாக மட்டும் வைத்தால் போதாது. பட்ட அனுபவமாகக் கேட்க வேண்டும்.

மாணவத் தோழர்களே, அடுத்த முறை ‘பரம்பரை’ என்று யாராவது சொன்னால், “இவனுக்கு என்ன நடந்தது?” என்று திருப்பிக் கேளுங்கள். பிறகு அவனை அரசு மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். சாதிப் பாகுபாடின்றிச் சிகிச்சை பெறும் உரிமை 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 18-ஆம் பிரிவில் இருக்கிறது. அது யாரும் போடும் பிச்சை அல்ல.

அவன் ஜீனை நம்மால் மாற்ற முடியாது. அவன் படிக்கும் வகுப்பறையை மாற்ற முடியும். அதைச் செய்யாமலிருக்கத்தான் ஜீனைக் காட்டுகிறார்கள்.