கீபோர்டைப் பிடுங்காதீங்க!

கோவையில், ஜவுளிக்கடைகளுக்கு பில் போடும் புரோகிராம் எழுதித் தரும் சிறிய கம்பெனியில், 10 வருடமாக வேலை பார்க்கிறேன். ஆறு மாதத்துக்கு முன், எங்கள் ஆபீசில் புதிதாக ஒரு பெண் சேர்ந்தாள். பி.எஸ்சி., கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்துவிட்டு, கல்யாணம், குழந்தை என்று ஐந்து வருடம் வீட்டில் இருந்தவள். 'இனிமே உனக்கு எதுக்கு வேலை' என்று சொன்ன வீட்டாரிடம் மன்றாடி, சம்மதம் வாங்கி வந்திருந்தாள்.

'மூணு மாசம் பாருங்க. தேறலைன்னா அனுப்பிடலாம்' என்று, சொல்லிக் கொடுக்கும் பொறுப்பை என் தலையில் கட்டினார் மேனேஜர்.

நானும் மாய்ந்து மாய்ந்துதான் சொல்லிக் கொடுத்தேன். அவள் ஒரு வரி அடிப்பதற்குள், 'தள்ளும்மா, நான் காட்டறேன்' என்று கீபோர்டை வாங்கி, மடமடவென்று அடித்து முடித்துவிடுவேன். 'புரிஞ்சுதா?' என்றால், 'புரிஞ்சுதுக்கா' என்பாள். மறுநாள் அதே இடத்தில் திருதிருவென விழிப்பாள். நான் இல்லாத நேரத்தில் ஏ.ஐ.,யிடம் கேட்டு, அது எழுதித் தருவதை அப்படியே ஒட்டி வைப்பாள். ஏன் இப்படி என்று கேட்டால் பதில் வராது. ஒன்றரை மாதத்தில், 'இவள் தேறமாட்டாள்' என்று முடிவே கட்டிவிட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் 10 வயது மகள் வாசலில் கோலம் போட்டாள். புள்ளி தப்பியதும், பொறுமை இல்லாமல் கோலப்பொடியை வாங்கி நானே போட்டு முடித்தேன். 'எல்லாத்தையும் நீயே போட்டா, நான் எப்பம்மா கத்துக்கறது?' என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். எனக்குச் சுருக்கென்றது. ஆபீசிலும் இதைத்தானே செய்கிறேன்!

மறுநாளே மாற்றிக்கொண்டேன். அவள் எழுதிய புரோகிராமில், 10 பில் போட்டால் 9 பில்லின் தொகைதான் கூட்டலில் வந்தது. 'மூணு பில்லை மட்டும் பேப்பர்ல எழுதி, கம்ப்யூட்டர் செய்யறதை நீ கையால செஞ்சு பாரு. அரை மணி நேரம் ஆகியும் வரலைன்னா கூப்பிடு' என்று நகர்ந்துவிட்டேன். சொல்லிவிடலாமா என்று வாய் துறுதுறுத்தது, அடக்கிக்கொண்டேன்.

20 நிமிடத்தில், 'அக்கா, கண்டுபிடிச்சுட்டேன்!' என்று கூவினாள். பைத்தான் மொழியில், 'ரேஞ்ச் 1, 10' என்று எழுதினால் 9 வரைதான் போகும். 10ம் வேண்டுமானால் 11 என்று எழுதணும். நான் மூன்று முறை வாயால் சொல்லி ஒட்டாதது, அன்று ஒட்டிக்கொண்டது.

ஏ.ஐ.,யையும் நான் தடுக்கவில்லை. 'ஒவ்வொரு வரியும் எதுக்குன்னு எனக்குச் சொல்லிட்டு அப்புறம் சேர்த்துக்கோ' என்றேன். 'கடைக்காரர் கணக்கு தப்பாகிவிட்டால்?' என்று சிலர் கேட்கலாம். அவள் எழுதுவதை முதலில் மாதிரி பில்களில் ஓடவிட்டு, நானும் சரிபார்த்த பிறகுதான் கடைக்கே போகும்.

1946ல் அமெரிக்காவில் அறிமுகமான, 'எனியாக்' கம்ப்யூட்டருக்கு புரோகிராம் அமைத்த முதல் ஆறு பேருமே பெண்கள்தான். சொல்லித்தர ஒரு புத்தகம்கூட இல்லாமல், அந்த இயந்திரத்தின் வரைபடங்களைப் பார்த்தே கற்றுக்கொண்டார்களாம். நமக்கு வராத வித்தையா?

மூன்று மாதம் முடிந்ததும், மேனேஜர் என்னிடம் கேட்டார். 'இருக்கட்டும் சார்' என்றேன், தயங்காமல்.

தோழியரே... மருமகள் தோசை பிய்ந்தால் கரண்டியைப் பிடுங்குவதும், மகன் கணக்கில் திணறினால் பென்சிலைப் பிடுங்குவதும் நாம்தான். அப்புறம், 'ஒண்ணும் தெரியலை' என்று குறை சொல்வதும் நாம்தான். கற்றுக் கொடுக்கும்போது, முதலில் நம் கையைக் கட்டிக்கொள்வோமே!

— ஒரு வாசகி, கோவை.