போரின் தலையில் கட்டிய விலை

2022 பிப்ரவரி 24 அன்று ரஷ்யப் படை உக்ரைனுக்குள் நுழைந்தது. அன்றிலிருந்து நம் ஊரில் விலைவாசி பற்றிய எந்தப் பேச்சும் ஒரே இடத்தில் வந்து முட்டி நிற்கிறது. "எங்கேயோ போர் நடக்குது, விலை ஏறத்தான் செய்யும். கவர்மென்ட் என்ன பண்ணும்?" பங்க்கில் வரிசையில் நிற்பவரும் இதைச் சொல்கிறார், தொலைக்காட்சி விவாதத்துக்கு வருகிற கட்சிப் பேச்சாளரும் இதையே சொல்கிறார். முழுப் பொய்யாக இருந்தால் ஒரு வரியில் மறுத்துவிட்டுப் போகலாம். இது பாதி உண்மை. இந்தியா எரிக்கிற கச்சா எண்ணெயில் நூற்றுக்கு 85-க்கு மேல் வெளியிலிருந்து வருவது. படை நுழைந்த அன்றே பிரென்ட் கச்சா எண்ணெய் பீப்பாய்க்கு 100 டாலரைத் தாண்டியது. மார்ச் 7 அன்று 139 டாலரைத் தொட்டுவிட்டுத் திரும்பியது. இதையெல்லாம் யாரும் மறுக்கவில்லை. அந்தப் பீப்பாய்க்கும் பங்க்கில் ஓடுகிற மீட்டருக்கும் நடுவே யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதைத்தான் இந்தப் பேச்சு கேட்க விடுவதில்லை.

"போர் வந்ததும் பெட்ரோல் விலை ஏறியது" என்பதிலிருந்தே தொடங்கலாம். ஏறவில்லை. சென்னையில் 2021 நவம்பர் தொடக்கத்தில் லிட்டர் 101 ரூபாய் 40 காசு. போர் தொடங்கிய அன்றும் அதே விலை, கச்சா எண்ணெய் உச்சத்தில் இருந்த மார்ச் 7 அன்றும் அதே விலை. தினமும் காலை ஆறு மணிக்கு மாறவேண்டிய விலை 137 நாள் அசையாமல் நின்றது. அந்த நாட்களில்தான் உத்தரப் பிரதேசம், பஞ்சாப், உத்தராகண்ட், கோவா, மணிப்பூர் சட்டமன்றத் தேர்தல்கள் நடந்தன. முடிவுகள் மார்ச் 10 அன்று வந்தன. மார்ச் 22 அன்று விலை நகரத் தொடங்கி, பெரும்பாலும் தினம் 80 காசு கணக்கில், ஏப்ரல் 6-க்குள் பதினான்கு முறை ஏறி, சென்னையில் 110 ரூபாய் 85 காசில் போய் நின்றது. அதற்குள் கச்சா எண்ணெய் உச்சியிலிருந்து நன்றாகவே இறங்கியிருந்தது. போர்தான் விலையை ஏற்றியது என்றால், அந்தப் போர் வாக்கு எண்ணிக்கை முடியும்வரை பொறுமையாகக் காத்திருந்தது என்றும் சேர்த்தே சொல்லவேண்டும்.

"விலை வைப்பது சந்தை, அரசு தலையிடுவதில்லை" என்பது அடுத்தது. காகிதத்தில் இது சரி. பெட்ரோல் விலைக்கட்டுப்பாடு 2010 ஜூனில் போனது, டீசலுக்கு 2014 அக்டோபரில் போனது, 2017 ஜூனிலிருந்து நாடு முழுக்கத் தினசரி விலை. ஆனால் 2022 மே மாதம் மத்திய அரசு கலால் வரியைக் குறைத்ததும் சென்னையில் 102 ரூபாய் 63 காசு என்று எழுதிய பலகை 2024 மார்ச் நடுப்பகுதிவரை மாறவில்லை. இந்த இடைவெளியில் கச்சா எண்ணெய் 120 டாலருக்கும் போனது, 80-க்குக் கீழும் வந்தது. நியாயமாகச் சொல்லவேண்டும்: முதல் சில மாதங்கள் மூன்று பொதுத்துறை எண்ணெய் நிறுவனங்களும் உண்மையிலேயே பெரும் நஷ்டப்பட்டன. பலகை அசையாமல் இருந்தது அப்போது நமக்கு லாபம். கச்சா விலை இறங்கிய பிறகும் பலகை அசையாததால் 2023-24 நிதியாண்டில் அதே மூன்று நிறுவனங்கள் சேர்ந்து சுமார் 81,000 கோடி ரூபாய் லாபம் காட்டின. பழைய நஷ்டத்தை ஈடுகட்டிக்கொண்டார்கள் என்று வாதிடலாம், வாதிடட்டும். ஆனால் அது ஒரு முடிவு; சந்தை எடுத்ததல்ல. கடைசியில் லிட்டருக்கு இரண்டு ரூபாய் குறைந்தது 2024 மார்ச் 15 அன்று. மக்களவைத் தேர்தல் தேதி அறிவித்தது மார்ச் 16 அன்று.

இந்த இடத்தில் 2008-ஐ யாராவது எடுப்பார்கள், எடுக்கவேண்டும். அந்த ஜூலையில் கச்சா எண்ணெய் 147 டாலர். உக்ரைன் போரில்கூட அந்த உயரத்துக்குப் போகவில்லை. அப்போது சென்னையில் பெட்ரோல் சுமார் 55 ரூபாய்தான். "அது கடன் வாங்கிக் கொடுத்த மலிவு, அந்த எண்ணெய்ப் பத்திரங்களைப் பின்னால் நாம்தான் அடைக்கவேண்டி வந்தது" என்பது வழக்கமான பதில். உண்மைதான், கடன்தான். ஒன்றிய நிதியமைச்சர் 2021-இல் சொன்ன கணக்குப்படி நிலுவை சுமார் 1.3 லட்சம் கோடி. 2020-21 என்ற ஒரே ஆண்டில் பெட்ரோல், டீசல் கலால் வரியாக மத்திய அரசு திரட்டியது சுமார் 3.7 லட்சம் கோடி. எந்தக் கடன் எந்த வரியை நியாயப்படுத்துகிறது என்று வாசகரே வகுத்துப் பார்க்கலாம். இன்னொன்றும் உண்டு. 2008-இல் டாலர் 43 ரூபாய் அளவில் இருந்தது, 2022 அக்டோபரில் 82-ஐத் தாண்டியது. ரூபாய் இளைத்ததும் பெட்ரோல் விலைக்குள் உட்கார்ந்திருக்கிறது. அந்த இளைப்பு முழுவதையும் போரின் கணக்கில் எழுத முடியாது. பதினான்கு வருடக் கதை அது.

வரியைப் பற்றிப் பேசாமல் இந்தப் பேச்சு முடியாது. 2014-இல் பெட்ரோல் மீதான மத்திய கலால் வரி லிட்டருக்கு 9 ரூபாய் 48 காசு. 2020-இல் கொரோனாவால் உலகமே வீட்டுக்குள் அடைந்து கிடந்தபோது கச்சா விலை தரைமட்டத்துக்கு விழுந்தது. ஏப்ரல் 20 அன்று அமெரிக்க முன்பேரச் சந்தையில் பூஜ்யத்துக்கும் கீழே போனது. அந்த மலிவு நம் பங்க்குக்கு வந்துசேரவில்லை. மே மாதம் ஒரே நாளில் பெட்ரோலுக்குப் பத்து ரூபாய், டீசலுக்குப் பதின்மூன்று ரூபாய் கலால் வரி ஏறி, பெட்ரோல் வரி 32 ரூபாய் 98 காசானது. பிறகு 2021 நவம்பரிலும் 2022 மே மாதத்திலும் குறைத்ததைச் 'சலுகை' என்றார்கள். ஏற்றி வைத்திருந்ததில் ஒரு பகுதியைத் திருப்பித் தந்தது அது. இதில் பெரும்பகுதி செஸ், கூடுதல் தீர்வை என்ற பெயர்களில் வசூலானதால் மாநிலங்களுடன் பங்கு போடவேண்டிய அவசியமும் இல்லாமல் போனது. மாநிலமும் கையைக் கழுவிக்கொள்ள முடியாது. தி.மு.க. 2021 தேர்தலில் பெட்ரோலுக்கு ஐந்து ரூபாயும் டீசலுக்கு நான்கு ரூபாயும் குறைப்பதாகச் சொன்னது. ஆட்சிக்கு வந்து, ஆகஸ்டில் பெட்ரோலுக்கு மூன்று ரூபாய் குறைத்தது. டீசல் வாக்குறுதி அப்படியே நின்றது.

"ரஷ்ய எண்ணெயை மலிவாக வாங்கி நம்மைக் காப்பாற்றினார்கள்" என்ற பெருமையும் உண்டு. போருக்கு முன் நம் இறக்குமதியில் நூற்றுக்கு இரண்டைக்கூடத் தொடாத ரஷ்ய எண்ணெய், இரண்டே ஆண்டில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டியது. வாங்கியது சரி என்பதே என் கருத்து. நாம் வாங்காமல் விட்டிருந்தால் உலகச் சந்தையில் விலை இன்னும் எகிறியிருக்கும். ஆனால் அந்தத் தள்ளுபடி யார் பைக்குப் போனது? ஜாம்நகரிலும் வாடினாரிலும் உள்ள தனியார் சுத்திகரிப்பு ஆலைகள் அதை டீசலாக்கி, ஐரோப்பா உட்பட வெளிநாடுகளுக்கு அனுப்பின. வாடினார் ஆலையை நடத்தும் நயாரா நிறுவனத்தில் 49 சதவீதப் பங்கு ரஷ்யாவின் ரோஸ்நெஃப்ட்டுடையது. ஏற்றுமதியில் கொட்டிய லாபத்தைப் பார்த்து 2022 ஜூலை 1 அன்று அரசே திடீர் லாப வரி போடவேண்டி வந்தது. தள்ளுபடி நேராக மக்கள் டேங்க்கில் இறங்கியிருந்தால் அந்த வரிக்கு என்ன வேலை?

"வண்டி வைத்திருப்பவன்தானே புலம்பவேண்டும், ஏழைக்கு என்ன?" என்று கேட்பவர்கள் ஒரு டீக்கடை வாசலில் நின்று பார்க்கலாம். 2022 மே 1 அன்று சென்னையில் 19 கிலோ கமர்ஷியல் சிலிண்டர் 2,500 ரூபாயைத் தாண்டியது. டீ, வடை, பரோட்டா எல்லாம் ஏறின. அடுத்த ஆண்டு அதே சிலிண்டர் 2,000-க்குக் கீழே வந்தது. டீ விலை இறங்கி யாராவது பார்த்தார்களா? கடைக்காரரையும் குறைசொல்ல முடியாது, ஒருமுறை ஏற்றின கூலியையும் வாடகையையும் அவராலும் இறக்க முடியாது. டீசல் ஏறினால் ஒட்டன்சத்திரத்துக் காய்கறியும் நாசிக் வெங்காயமும் வருகிற லாரி வாடகை ஏறும். ஆட்டோக்காரரின் நிலைமை இன்னும் மோசம். 2013-இல் அரசு நிர்ணயித்த மீட்டர் கட்டணம்தான் போர் வந்த ஆண்டிலும் சட்டப்படிச் செல்லுபடியான கட்டணம். மீட்டர் போட்டால் நஷ்டம், போடாவிட்டால் பயணியுடன் சண்டை. வீட்டுச் சிலிண்டர் சென்னையில் 2023 மார்ச்சில் 1,118 ரூபாய் 50 காசுவரை போனது.

அரசால் எதுவும் முடியாது என்பவர்களுக்குப் பதில் அதே சாலையில் ஓடுகிறது. தமிழ்நாட்டு அரசுப் பேருந்துக் கட்டணம் 2018-இல் ஏற்றியது. போர் டீசலை ஏற்றியபோதும் அந்தக் கட்டணம் ஏறவில்லை, பெண்களுக்கு நகரப் பேருந்து இலவசமாகவே தொடர்ந்தது. சுமை போக்குவரத்துக் கழகத்தின் கடனாகவும் அரசின் மானியமாகவும் மாறியது. ஆனால் வீட்டுவேலைக்குப் போகிற பெண்ணின் கைக்காசில் விழவில்லை. உரமும் அப்படியே. உலகச் சந்தையில் உர விலை பறந்தபோது 45 கிலோ யூரியா மூட்டை விவசாயிக்கு 266 ரூபாய் 50 காசுக்கே கிடைத்தது. 2022-23 பட்ஜெட்டில் சுமார் 1.05 லட்சம் கோடி என்று போட்ட உர மானியம், ஆண்டு முடிவில் 2.5 லட்சம் கோடியானது. தாங்கவேண்டும் என்று நினைத்த இடத்தில் தாங்கியிருக்கிறார்கள்.

இலங்கையைக் காட்டிப் பயமுறுத்துவது தனி ரகம். "அங்கே போரால் பெட்ரோலே இல்லை, நாம் பரவாயில்லை." கொழும்பில் 92 ஒக்டேன் பெட்ரோல் 2021 டிசம்பரில் 177 இலங்கை ரூபாய், 2022 ஜூனில் 470 ரூபாய். வரிசையில் நாள்கணக்காகக் காத்துக் கிடந்தார்கள். ஆனால் அங்கே டாங்கர் வராததற்குக் காரணம் கருங்கடல் அல்ல, கஜானாவில் டாலர் இல்லை. 2019 இறுதியில் வாட் வரியை 15-இலிருந்து 8 சதவீதமாக வெட்டியது, 2021-இல் ஒரே இரவில் இரசாயன உரத்துக்குத் தடை போட்டது, கொரோனாவில் சுற்றுலா படுத்தது எல்லாம் போருக்கு முந்தியவை. போர் வந்தது, ஏற்கெனவே விழுந்துகொண்டிருந்த வீட்டின் மேல்.

"போர் நின்றால் தானாக இறங்கும்" என்ற ஆறுதலுக்கு இரண்டு உதாரணம் போதும். சூரியகாந்தி எண்ணெயில் போரின் கை நேரடியானது. நாம் வாங்குவதில் பெரும்பங்கு உக்ரைனிலிருந்து வந்தது. விலை ஏறியது, 2022 மே மாதம் அரசு வரியில்லா இறக்குமதிக்கு வழிவிட்டது, ஜூலையில் கருங்கடல் வழி ஏற்றுமதிக்கு ஒப்பந்தம் வந்து கப்பல்கள் நகர்ந்தன, போர் நடந்துகொண்டிருக்கும்போதே விலை இறங்கியது. 2024 செப்டம்பரில் கச்சா சமையல் எண்ணெய்க்கு இறக்குமதி வரி 5.5-இலிருந்து 27.5 சதவீதமானதும் மறுபடி ஏறியது. இம்முறை எந்தப் போரும் புதிதாக வரவில்லை. உள்ளூர் எண்ணெய்வித்து விவசாயிக்காக என்றார்கள். அது நல்ல காரணமாகவே இருக்கலாம், ஆனாலும் அது டெல்லியில் எடுத்த முடிவு. பெட்ரோலில் இதன் மறுபக்கம் நடந்தது. 2025 ஏப்ரலில் கச்சா எண்ணெய் 65 டாலர் அளவுக்கு விழுந்தபோது கலால் வரி இரண்டு ரூபாய் ஏறியது, கூடவே வீட்டுச் சிலிண்டர் ஐம்பது ரூபாய் ஏறியது. ஜூனில் இஸ்ரேலும் ஈரானும் பன்னிரண்டு நாள் மோதின. கச்சா எண்ணெய் 80 டாலர் அருகே போய்விட்டு இறங்கியது. சென்னை பங்க்கில் பெட்ரோல் விலை போர் வந்ததையும் கவனிக்கவில்லை, போனதையும் கவனிக்கவில்லை.

போரைப் பற்றி உண்மையாகவே பயப்படவேண்டிய இடம் ஒன்று உண்டு. அது விலையல்ல, வரத்து. நம் சமையல் எரிவாயுவில் பாதிக்கு மேல் இறக்குமதி. அதில் பெரும்பகுதி கத்தார், எமிரேட்ஸ், குவைத், சவூதியிலிருந்து ஹோர்முஸ் நீரிணை வழியாக வருவது. ரஷ்ய எண்ணெய் எவ்வளவு வாங்கினாலும் அந்தச் சிலிண்டர் நிரம்பாது. கச்சா எண்ணெய்க்காவது விசாகப்பட்டினம், மங்களூர், பாதூர் ஆகிய இடங்களில் பாறைக் குகைகள் இருக்கின்றன. மொத்தம் 53.3 லட்சம் டன் கொள்ளும், நாட்டுக்கு ஒன்பதரை நாள் தேவை. 2020-இல் எண்ணெய் விழுந்து கிடந்தபோது பீப்பாய் சுமார் 19 டாலருக்கு வாங்கி அவற்றை நிரப்பி, சுமார் 5,000 கோடி மிச்சப்படுத்தியதாக அரசே சொன்னது. நல்ல வேலை. அதே புத்திசாலித்தனத்தில் இன்னும் 65 லட்சம் டன்னுக்கு ஒடிசாவின் சண்டிகோலிலும் பாதூரிலும் புதிய கிடங்குகள் அமைக்க 2021 ஜூலையில், உக்ரைன் போருக்கு ஏழு மாதம் முன்பே, மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. அந்தப் போர் மூன்று ஆண்டு முடித்த 2025 பிப்ரவரியிலும் அவற்றில் ஒரு பீப்பாய் எண்ணெய் ஏறவில்லை.