விறகோடு வரும் பிள்ளைக்கு எந்தப் பாடம்?

கென்யா, உகாண்டா, மலாவி நாடுகளின் கிராமப்புறப் பள்ளிகள் பலவற்றில் பிள்ளைகள் புத்தகத்தோடு விறகும் சுமந்து வருகிறார்கள். மதியச் சோறு வேக வேண்டும். சமையற்கூடத்து மூன்று கல் அடுப்புக்கு விறகு வேண்டும். அதே பள்ளியின் பாடநூலில் காடழிப்பின் கேடுகளைச் சொல்லும் பக்கங்களும் உண்டு. தேர்வில் அதற்குச் சரியான விடை எழுதும் பிள்ளை, மறுநாள் விடிந்ததும் சுள்ளி பொறுக்கப் போகிறது.

ஆப்பிரிக்கக் கிராமங்களில் சுற்றுச்சூழல் கல்வி பற்றிப் பேசுவோர் முதலில் பார்க்க வேண்டியது இந்த விறகுக் கட்டை. மரத்தின் அருமை அந்த மக்களுக்குத் தெரியாது, சொல்லிக் கொடுத்தால் திருந்துவார்கள் என்ற நினைப்போடு வகுத்த திட்டம் எதுவும் வேர் பிடிக்காது. அந்த மண்ணில் வேர் பிடித்த பாடங்கள் அடுப்பிலும் தண்ணீரிலும் தானியத்திலும் தொடங்கியவை. அவற்றை நடத்தியவர்களும் அதே ஊர்க்காரர்கள்தான்.

கென்யாவின் நியேரி மலைப்பகுதியில் 1940-இல் பிறந்த வங்காரி மாத்தாய்க்கு முதல் சூழல் பாடம் சொன்னவர் அவருடைய தாய். வீட்டுக்கு அருகே நின்ற பெரிய அத்தி மரத்தடியில் சுள்ளி பொறுக்கக் கூடாது, அது கடவுளின் மரம் என்றார். கிக்கூயு மக்கள் 'முகுமோ' என்று அழைக்கும் அந்த மரத்தை வெட்டும் வழக்கம் இல்லை. அதன் அருகிலேயே ஓர் ஊற்று கசிந்தது. தவளை முட்டைகளை மணிகள் என்று எண்ணிக் கோக்கப் பார்த்தாள் அந்தச் சிறுமி. பின்னர் படித்த மிஷன் பள்ளியிலோ தாய்மொழியில் பேசிய பிள்ளைக்கு அவமான வில்லை மாட்டினார்கள். பல ஆண்டுகள் கழித்து அமெரிக்காவில் உயிரியல் படித்த அறிவோடு அவர் ஊர் வந்து பார்த்தபோது, தேயிலை பயிரிட இடம் வேண்டி மரத்தை வெட்டியிருந்தார்கள். ஊற்றும் வற்றிப் போயிருந்தது.

தாயின் கட்டளைக்குள் இருந்த நீரியல் பாடம் அப்போதுதான் அவருக்கு விளங்கியது. அந்தப் பாடம் எந்தப் பள்ளிப் புத்தகத்திலும் இடம்பெறவில்லை.

1977-இல் மாத்தாய் பசுமைப் பட்டை இயக்கத்தைத் தொடங்கினார். கிராமத்துப் பெண்கள் அவரிடம் சுற்றுச்சூழல் என்று முறையிடவில்லை. விறகு இல்லை, நல்ல தண்ணீர் இல்லை, பிள்ளைகளுக்குச் சத்தான உணவு இல்லை என்றார்கள். நாற்று வளர்க்கப் படித்த வனத்துறையினரால்தான் முடியும் என்று சொல்லப்பட்டபோது, அந்தப் பெண்கள் உடைந்த சட்டிகளிலும் பழைய தகர டப்பாக்களிலும் விதை போட்டார்கள். பிழைத்து நின்ற ஒவ்வொரு கன்றுக்கும் ஒரு சிறு தொகை கிடைத்தது. 5 கோடிக்கும் அதிகமான மரங்கள் இப்படி நடப்பட்டதாக இயக்கம் கணக்குச் சொல்கிறது.

மரம் நட்டதோடு அந்தக் கல்வி நின்றுவிடவில்லை. ஊர்க் கூட்டங்களில் மக்களே தங்கள் குறைகளைப் பட்டியலிட்டார்கள்; பழியைப் பெரும்பாலும் அரசின் மீது போட்டார்கள். அப்போது மாத்தாய் ஒரு கேள்வி கேட்பார்: தவறான பேருந்தில் ஏறியவர் எதனால் ஏறினார்? விசாரிக்காமலா, தவறாக வழிகாட்டப்பட்டா, பயந்தா? பேச்சு காட்டிலிருந்து தொடங்கி நில அபகரிப்பு, ஊழல், வாக்குரிமை என்று போய் முடியும். மாத்தாய்க்கு 2004-இல் கிடைத்த நோபல் பரிசு அமைதிக்கானது என்பதில் பொருள் இருக்கிறது.

கண்டத்தின் மறுபுறம், சஹாராவின் தென் விளிம்பில் இருப்பது சஹேல். நம் ஊர்க் கம்புப் பயிரின் பூர்வீகம் அந்த வட்டாரம். 1980-களின் தொடக்கத்தில் வறட்சி தாங்காமல் புர்கினா ஃபாசோவின் வடக்கிலிருந்து குடும்பங்கள் வெளியேறின. கூர்கா என்ற ஊரின் உழவர் யக்கூபா சவடோகோ போகவில்லை. கட்டாந்தரையில் 'ஸாய்' என்ற பழைய முறைப்படி குழி வெட்டினார். அந்த முறையின் வழக்கமான குழி ஏறத்தாழ ஒரு சாண் அகலம், அதற்குச் சற்றுக் குறைவான ஆழம். அவர் அதைவிடப் பெரிய குழிகளாக வெட்டி, கோடையிலேயே அவற்றில் சாண உரம் போட்டார். உரத்தைத் தேடி வந்த கரையான்கள் இறுகிய மண்ணைத் துளைத்துவிட்டன. மழைநீர் ஓடி வீணாகாமல் உள்ளே இறங்கியது. கம்பும் சோளமும் விளைந்தன. உரத்தோடு வந்த விதைகள் மரக்கன்றுகளாக முளைத்தன, அவற்றையும் காத்தார். பைத்தியக்காரன் என்று சொன்னவர்கள் அவர் மரங்களுக்குத் தீ வைத்ததும் உண்டு.

அவர் வெட்டிய குழிகளைவிடப் பெரிது, அவர் கூட்டிய சந்தை. 1984 முதல் ஆண்டுக்கு இருமுறை சுற்றுவட்டார உழவர்கள் அவர் நிலத்தில் கூடி, விதைகளை மாற்றிக்கொண்டு, ஒருவர் கண்டதை இன்னொருவர் கற்றார்கள். ஊசேனி ஸொரோமே என்ற இன்னோர் உழவர் 1992-இல் 'ஸாய் பள்ளி' தொடங்கினார். எதுவும் முளைக்காத சாலையோரத் தரிசுதான் வகுப்பறை. 2001-க்குள் இருபதுக்கும் மேற்பட்ட பள்ளிகளாக அது பெருகியது.

நைஜர் நாட்டின் அனுபவம் இன்னொரு உண்மையைச் சொல்கிறது. காலனிக் காலச் சட்ட மரபில், வயலில் நின்ற மரமும் அரசின் சொத்தாகவே கருதப்பட்டது. கிளையை வெட்டினாலும் தண்டம் கட்ட நேரும். அதனால் முளைக்கும்போதே பிடுங்கிப் போட்டவர்கள் உண்டு. 1980-களில் மராடி பகுதியில் அடிக்கட்டைகளிலிருந்து துளிர்க்கும் கிளைகளைக் கவாத்து செய்து வளர்க்கும் முறை பரவியது. அதிகாரிகளின் கெடுபிடி தளர்ந்து, வளர்க்கும் மரம் தமக்கே பயன்படும் என்ற நம்பிக்கை உழவர்களுக்கு வந்தது. சுமார் 50 லட்சம் ஹெக்டேரில் மரங்கள் மீண்டன. பெரும்பாலும் நாற்று நடாமலே.

ஆகவே பாடத்திட்டத்தில் ஓர் அத்தியாயம் கூட்டுவதால் அரசுகளின் கடமை தீராது. பள்ளிக்கென்று ஒரு விறகுத் தோப்பு, விறகு குறைவாகத் தின்னும் அடுப்பு, கூரை நீரைச் சேமிக்கும் தொட்டி ஆகியவையே முதல் பாடநூல்கள். மரங்களின் பெயரையும் பயனையும் சொந்த மொழியில் சொல்ல ஊர் மூதாட்டிகளை வகுப்புக்கு அழைக்க வேண்டும். அந்த நேரத்துக்கு ஆசிரியருக்குரிய ஊதியமும் தர வேண்டும். தோப்பில் விளைவது பள்ளிக்கே உரியது என்று எழுத்தில் இருக்க வேண்டும்.

கென்யாவின் 2010 அரசியலமைப்பு, நாட்டு நிலப்பரப்பில் குறைந்தது 10 விழுக்காடு மரங்களால் மூடியிருக்க அரசு பாடுபட வேண்டும் என்கிறது. அந்தக் கணக்கைக் கிராமப் பள்ளிகளின் வேலியோரத்திலிருந்து தொடங்கலாம். இன்று முதல் வகுப்பில் சேரும் பிள்ளை, அந்தப் பள்ளியை விட்டுப் போகுமுன் ஒரு நாளாவது விறகில்லாமல், புத்தகப் பையோடு மட்டும் வர வேண்டும்.