நினைவு இருக்கும் இடத்தில்தான் கேள்வி பிறக்கும்

எண்ணூர் முகத்துவாரத்து மீனவர்களுக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்ட மனுக்கள் எழுதிக் கொடுத்துவருகிறேன். பேனாவைத் திறக்கும் முன் பழைய கதையைத்தான் கேட்பேன். "அந்த இடத்துல கோலு ஊனினா தரை தட்டாதும்மா. இப்ப இறங்கி நின்னா முட்டிதான் நனையுது" என்றார் ஒரு பெரியவர். மனு முழுவதும் அந்தப் பேச்சிலேயே இருக்கிறது. கொசஸ்தலை ஆற்றில் அந்த இடத்தின் ஆழத்தைக் கடைசியாக எப்போது அளந்தீர்கள்? அனல்மின் நிலையத்தின் சாம்பல் குழாய் எத்தனை முறை உடைந்தது? தூர்வாரிய செலவு எவ்வளவு? அறிக்கைகளின் நகல் தேவை.

"ஆறு ஏன் செத்தது?" என்று எழுதினால் பதில் வராது. அலுவலகத்தில் உள்ள ஆவணத்தைத்தான் இந்தச் சட்டம் பெற்றுத் தரும். எந்த ஆவணத்தைக் கேட்க வேண்டும் என்பது ஆற்றின் பழைய நிலை தெரிந்தவருக்கே தோன்றும்.

இதற்கு எங்கள் ஊரிலேயே சாட்சி உண்டு. 1996-ல் மத்திய அரசு ஒப்புதல் அளித்த கடற்கரை மண்டல வரைபடத்தில் எண்ணூர் கழி இருந்தது. அதன் பெரும்பகுதியை இல்லாததாகக் காட்டிய இன்னொரு வரைபடம், இதே சட்டத்தின் வழியாக 2017-ல் அம்பலமானது. கழியில் வலை வீசியவர்கள் இருந்ததால்தான் அந்தக் காகிதத்தைச் சந்தேகிக்க முடிந்தது.

கறுத்த தண்ணீரையே பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு அதுதான் ஆறு. கையில் போன் இருந்தும் அதைப் பற்றித் தேட மாட்டான். பழகிப்போனது கேள்வியைக் கொன்றுவிடும். 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூரின் பெரியகுப்பத்திலும் சின்னகுப்பத்திலும் கண் எரிந்து, மூச்சு முட்டி மக்கள் வீட்டைவிட்டு ஓடினார்கள். கடலடிக் குழாயிலிருந்து கசிந்தது அம்மோனியா என்பது பிறகே தெரிந்தது. வாசலுக்கு எதிரே எந்தக் குழாயில் என்ன ஓடுகிறது என்பதை ஓடிய பிறகா தெரிந்துகொள்வது?

கேட்காமலே தகவலை வெளியிட வேண்டிய கடமையை அதே சட்டத்தின் 4-ஆவது பிரிவு அரசு அலுவலகங்கள் மீது சுமத்துகிறது. குழாய்களின் வழித்தடம், அவற்றில் செல்லும் பொருள், கசிந்தால் செய்ய வேண்டியது ஆகிய மூன்றையும் ஒவ்வொரு குப்பத்திலும் தமிழில் எழுதி வைக்க வேண்டும். திருவொற்றியூர், எண்ணூர் பள்ளிகள் மாணவர்களைப் பெரியவர்களிடம் அனுப்பி, எந்த இடத்தில் எவ்வளவு ஆழம், என்ன மீன், எந்த ஆண்டுவரை என்று எழுதி வாங்கச் சொல்ல வேண்டும். அந்த நோட்டுப் புத்தகங்களிலிருந்து நாளைய மனுக்கள் வரும்.

மனுவுக்குக் கட்டணம் 10 ரூபாய். 30 நாளில் பதில் தர வேண்டும். உயிர் சம்பந்தப்பட்டதென்றால் 48 மணி நேரத்தில். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் வீட்டுப் பெரியவரிடம் இந்த வாரமே பேசுங்கள். அவர் சொல்வதைத் தேதி, இடத்தோடு எழுதி வையுங்கள். பிறகு கேளுங்கள்.