நில் என்றால் எப்போது நிற்பது?

ஓய்வு பெற்ற பிறகு எனக்கு லினக்ஸ் பைத்தியம் பிடித்த கதையை இங்கே முன்பே எழுதியிருக்கிறேன். இன்று அதில் ஒரு சின்ன விஷயத்தைப் பற்றி என் அபிப்பிராயம். கணினி என்றாலே பக்கத்தைப் புரட்டுகிறவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளவும். இதில் கணினியைவிட ஆபீஸ் வாசனைதான் அதிகம்.

கணினியைப் போட்டதும் விழித்துக்கொள்வது கெர்னல். அப்போதே அதன் கையில் ஒரு வரி எழுதிக் கொடுத்து அனுப்பலாம். அந்த வரியில் 'கேஜிடிபிவெயிட்' என்ற சொல் இருந்தால், "முடிந்த மட்டும் சீக்கிரம் நின்று, டீபக்கருக்காகக் காத்திரு" என்று அர்த்தம். டீபக்கர் என்பது கெர்னலுக்குள் இருக்கும் பிழையைப் பார்க்கும் கருவி. பெரும்பாலும் வேறொரு கணினியிலிருந்து சீரியல் கம்பி வழியாகப் பேசும்.

கெர்னல் இந்தச் சொல்லை மிக ஆரம்பத்திலேயே படித்துவிடுகிறது. அந்த நேரத்தில் நினைவகத்தைப் பங்கிடும் ஏற்பாடுகூட முழுதாகத் தயாராக இருக்காது. ஆனால் நிற்பதற்கு இரண்டு வேண்டும். ஒன்று, பேச ஒரு வழி. இன்னொன்று, நிறுத்தப் புள்ளியில் பிராசஸர் தடுக்கி விழும்போது அதைப் பிடித்து டீபக்கரிடம் ஒப்படைக்க ஆள். எக்ஸ்86 கணினிகளில் அந்த ஆள் வரியைப் படிப்பதற்கு முன்பே வந்து உட்கார்ந்துவிடுகிறார். பழைய 32 பிட் ஏஆர்எம்மில் அவர் வருவது அதற்கப்புறம்தான், நினைவகப் பக்கங்களின் வரைபடம் போடும் கட்டத்தில். சொல்லைப் படித்த கையோடு அங்கே நின்றால், பிடிக்க ஆளில்லாமல் கெர்னல் விழுந்துவிடும்.

2020இல் வந்த 5.8 பதிப்பில் இதை மாற்றினார்கள். சொல்லைப் படித்ததும் ஒரு குறி மட்டும் போட்டுக்கொள்வது, டீபக்கரின் பிற்பாடான தொடக்கம் நடக்கும்போது நிற்பது என்பது பொது விதி. சீக்கிரமே நிற்கத் தன்னால் முடியும் என்று சோதித்துப் பார்த்த பிராசஸர் வகை மட்டும் தனியாக விலக்கு வாங்கிக்கொள்ளலாம். முதல் விலக்கு எக்ஸ்86க்கு.

இது சரியான முடிவு என்பது என் கட்சி. தபால் பிரிவில் இருந்தவர்களுக்கு உடனே விளங்கும். மனு வந்த நிமிஷமே முத்திரை குத்திப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். அதில் தாமதம் கூடாது. நடவடிக்கை எடுப்பது வேறு வேலை, அதற்கு அதிகாரி நாற்காலியில் இருக்க வேண்டும். பழைய கெர்னல் இரண்டையும் ஒரே மூச்சில் செய்யப் பார்த்தது. நான் படித்த பிரெஞ்சுப் பள்ளியில் 'தெ கெ பொசிப்ல்' என்று எழுதச் சொல்லிக் கொடுத்தார்கள். முடிந்த உடனே என்று பொருள். அதில் 'முடிந்த' என்பதற்குத்தான் கனம் அதிகம். 'இப்போதே' என்பதற்கு அவர்களிடம் வேறு சொல் இருக்கிறது.

தாமதித்தால் அதற்கு முன் நடக்கும் பிழைகளைப் பிடிக்க முடியாதே என்று கேட்கலாம். உண்மைதான், அந்த நஷ்டம் இருக்கிறது. ஆனால் பிற்பாடு என்று சொல்லும் அந்தக் கட்டமே துவக்கத்தில் வெகு சீக்கிரம் வந்துவிடுகிறது. போதாக்குறைக்கு, சீரியல் டிரைவர் எழுந்திருக்கும்வரை ஆரம்பக் கன்சோல் வழியாகவே பேசும் வசதியையும் அதே பதிப்பில் சேர்த்தார்கள். தயாராக இல்லாத இடத்தில் நின்று செத்துப்போன கெர்னலிடம் எந்தப் பிழையைக் கேட்டு வாங்குவது?

எனக்கு ஒரே ஒரு குறை. நிற்பதைத் தள்ளிவைக்கும்போது கெர்னல் வாயைத் திறப்பதில்லை. டீபக்கரின் வழியைக் குறிக்கும் சொல்லை முன்னால் எழுது, காத்திருக்கச் சொல்வதைப் பின்னால் எழுது என்று ஆவணத்தில் போட்டிருக்கிறார்கள். அதைப் படிக்காமல் கம்பியைச் செருகிவிட்டுக் காத்திருக்கிறவருக்கு, தன் வார்த்தை போய்ச் சேரவில்லையா, சேர்ந்து நிலுவையில் இருக்கிறதா என்று தெரிய வழியில்லை. நாங்கள் மனுதாரருக்கு ஒரு துண்டுச் சீட்டாவது கொடுப்போம். கெர்னல் தன் பதிவில் "கிடைத்தது, பிறகு நிற்கிறேன்" என்று ஒரு வரி எழுதினால் போதும்.