லினக்ஸைக் குறிவைக்கும் தீநிரல்கள்: இயங்குதள மாற்றம் மட்டும் போதுமா?

லினக்ஸ் கணினிகளை வைரஸ் அண்டாது என்பது நெடுங்காலமாக நிலவிவரும் நம்பிக்கை. அரசுத் துறைகள் விண்டோஸைக் கைவிட்டு லினக்ஸுக்கு மாற முற்படும் வேளையில், மால்வேர் எனப்படும் தீநிரல்களை ஏவுவோரும் அவற்றைப் பின்தொடர்ந்து வந்துள்ளனர்.

மத்திய அரசின் சிடாக் நிறுவனம் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸ், அரசு அலுவலகங்களில் பயன்பாட்டில் உள்ளது. பாதுகாப்பு அமைச்சகம் 2023-ஆம் ஆண்டில், உபுண்டுவை அடிப்படையாகக் கொண்ட 'மாயா' இயங்குதளத்துக்கு மாற முடிவெடுத்தது. இணையத் தாக்குதல்களைத் தடுப்பதே அதன் முதன்மை நோக்கம்.

ஆயினும், பாகிஸ்தானுடன் தொடர்புடையதாகக் கருதப்படும் 'ஏபிடி 36' என்ற குழு, 'பாஸ்' கணினிகளைக் குறிவைத்ததை இணையப் பாதுகாப்பு ஆய்வாளர்கள் 2025 ஆகஸ்ட் மாதம் வெளிப்படுத்தினர். அலுவலகக் கூட்டம் தொடர்பான கடிதம் போன்ற பெயரில் ஜிப் கோப்பு ஒன்று மின்னஞ்சலில் அனுப்பப்பட்டது. அதனுள் இருந்ததோ, பிடிஎஃப் போலத் தோற்றமளிக்கும் 'டெஸ்க்டாப்' குறுக்குவழிக் கோப்பு. அதைத் திறந்தால் திரையில் ஓர் ஆவணம் தோன்றும். பின்னணியில் தீநிரல் பதிவிறங்கி இயங்கத் தொடங்கும். ஆவணம் வழக்கம்போலத் திறந்துவிடுவதால் பயனருக்கு ஐயம் எழுவதில்லை.

இங்கு லினக்ஸின் பூட்டு உடைக்கப்படவில்லை; பயனரின் கையாலேயே கதவு திறக்கப்பட்டது.

முந்தைய நிகழ்வுகளும் இதையே உணர்த்துகின்றன. 2016-இல் பரவிய 'மிராய்', லினக்ஸில் இயங்கும் கேமராக்களையும் ரவுட்டர்களையும் கைப்பற்றியது. தயாரிப்பாளர் இட்ட கடவுச்சொல்லை உரிமையாளர்கள் மாற்றாமல் விட்டதே அதற்கு வழிவகுத்தது. 2024 மார்ச்சில் 'எக்ஸ்இஸட் யூட்டில்ஸ்' என்ற கட்டற்ற மென்பொருளில் ரகசிய நுழைவழி கண்டறியப்பட்டது. ஏறத்தாழ 2 ஆண்டுகள் பங்களித்து நம்பிக்கை பெற்ற ஒருவரே அதைப் புகுத்தியிருந்தார். சர்வருக்குள் நுழைய வழக்கத்தைவிட அரை விநாடி கூடுதலாவதைக் கவனித்த மைக்ரோசாஃப்ட் பொறியாளர் ஆண்ட்ரெஸ் ஃபிராயண்ட் அதனை அம்பலப்படுத்தினார்.

கவனக்குறைவு, ஏமாற்றப்பட்ட நம்பிக்கை ஆகியவற்றை இயங்குதள மாற்றம் தானாகக் களைந்துவிடாது. மின்னஞ்சல் இணைப்புகளில் வரும் குறுக்குவழிக் கோப்புகளைத் தடுத்தல், தற்காலிகக் கோப்புறைகளிலிருந்து நிரல்கள் இயங்க அனுமதி மறுத்தல், உடனுக்குடன் புதுப்பித்தல், ஊழியர்களுக்குத் தொடர் பயிற்சி அளித்தல் ஆகியவை புதிய இயங்குதளத்துடன் சேர்ந்தே வர வேண்டும். இல்லையேல், 'லினக்ஸ்தானே' என்ற மெத்தனமே அரசு ஆவணங்கள் களவுபோக வழி செய்துவிடும்.